தண்ணீரும் விசுவாசமும்: தரங்கம்பாடி சபையின் ஞானஸ்நான வரலாறு

புது எருசலேம் ஆலயத்தின் முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக்கின் பெயர்ச்சின்னமும் கிரீடமும் 1718 என்ற ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பிரதிஷ்டை நாளை நினைத்து மலர் வெளியிடும்போதெல்லாம் அந்த ஆண்டிலிருந்து கணக்கைத் தொடங்குவது நம் வழக்கம். சபைக்கோ அதைவிடப் பதினோர் ஆண்டு வயது கூடுதல். 1707 மே மாதத்தில், டேனியர்களின் சீயோன் ஆலயத்தில், ஐந்து பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஐவரும் தரங்கம்பாடி டேனியர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். கூடியிருந்தோர் முன்னிலையில் கிறிஸ்தவ விசுவாசத்தைப் பற்றி அவர்களிடம் கேள்விகள் கேட்கப்பட்டன. பதில் சொன்னார்கள். அதன்பின் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது. நம் சபையின் முதல் விசுவாச அறிக்கை அடிமைகளின் நாவிலிருந்து வந்தது என்பதை நாம் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

அந்த நாளின் ஒழுங்கைக் கவனியுங்கள். முதலில் கேள்வி, பிறகு பதில், பிறகு தண்ணீர். இரட்சிப்பைப் பற்றிக் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே நூற்றாண்டுகளாக நடந்துவரும் வழக்கு முழுவதும் இந்த ஒழுங்குக்குள் அடங்கியிருக்கிறது. மனிதன் இரட்சிக்கப்படுவது விசுவாசத்தினாலா, ஞானஸ்நானத்தினாலா? விசுவாசம் போதும் என்றால் தண்ணீர் எதற்கு? தண்ணீரே போதும் என்றால் கேள்வியும் பதிலும் எதற்கு? தரங்கம்பாடி மிஷன் இதற்கு எழுத்தில் பதில் சொல்லியிருக்கிறது. நடத்தையில் சொன்ன பதில் அதைவிடப் பெரியது. சில இடங்களில் வேதனை தருவதும்கூட.

தரங்கம்பாடியின் முதல் மிஷனரிகளான சீகன்பால்கும் புளூட்சோவும் சோபியா ஹெட்விக் கப்பலில் வந்து 1706 ஜூலை 9 அன்று இக்கரையில் இறங்கினார்கள். ஜெர்மனியின் ஹாலே நகரில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே நடத்திய பக்தி இயக்கத்தில் உருவானவர்கள். அவர்கள் பிறந்த நாட்டில் ஏறக்குறைய எல்லோருக்கும் குழந்தையிலேயே ஞானஸ்நானம் ஆகிவிடும். பெயர் சபைப் பதிவேட்டில் இருக்கிறது, உள்ளத்தில் உயிருள்ள விசுவாசத்தைக் காணோமே என்பதுதான் பக்தி இயக்கத்தாரின் துயரம். அதே சமயம் அவர்கள் 1530-ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கைக்குக் கட்டுப்பட்ட லுத்தரன் குருமார். அந்த அறிக்கையின் நான்காம் பிரிவு, மனிதன் தன் கிரியைகளினால் அல்லாமல் கிறிஸ்துவின் நிமித்தம் விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுகிறான் என்று போதிக்கிறது. ஒன்பதாம் பிரிவு, இரட்சிப்புக்கு ஞானஸ்நானம் அவசியம், குழந்தைகளுக்கும் அதைக் கொடுக்க வேண்டும் என்கிறது. ஒன்றை ஏற்றவர் மற்றதைத் தள்ளிவிட வழியில்லை. இந்த இரட்டைப் பொறுப்போடுதான் அவர்கள் தமிழ் மண்ணில் கால் வைத்தார்கள்.

விசுவாசம் கேள்வியினால் வரும் என்பது பவுல் அப்போஸ்தலனின் போதனை. கேட்க வேண்டுமானால் கேட்பவரின் மொழியில் சொல்ல வேண்டும். ஆகவே சீகன்பால்கு திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். 1707-லேயே லுத்தரின் சிறு ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமானோர் பாடம் படித்தது அதைக் கொண்டே.

அந்தச் சிறு நூலில் ஞானஸ்நானத்துக்கென்று உள்ள பகுதி நான்கு கேள்விகளால் ஆனது. ஞானஸ்நானம் என்பது என்ன, அதனால் வரும் பயன் என்ன, தண்ணீர் எப்படி இத்தனை பெரிய காரியத்தைச் செய்யக்கூடும், இப்படித் தண்ணீரால் ஞானஸ்நானம் பெறுவதன் பொருள் என்ன. மூன்றாம் கேள்விதான் உயிர்நாடி என்பது என் எண்ணம். லுத்தர் அங்கே சொல்வதன் சாரம் இது: தண்ணீர் தனியே வெறும் தண்ணீர். அதனோடு சேர்ந்து நிற்கும் தேவ வார்த்தைதான் செய்கிறது. அந்த வார்த்தையைப் பற்றிக்கொள்ளும் விசுவாசம் அதைப் பெற்றுக்கொள்கிறது. கொடுக்கிறவர் கடவுள், பெறுகிற கை விசுவாசம். கை நீட்டியதற்காக யாருக்கும் கூலி கிடைப்பதில்லை. கொடுப்பவர் கொடுத்தும் கையை மூடிக்கொண்டவர் வெறுங்கையோடு போகிறார். விசுவாசமும் ஒருவகைக் கிரியைதானே, அதனால் இரட்சிப்பு மனிதனின் சாதனையாகிவிடாதா என்று கேட்பவர்களுக்கும், ஞானஸ்நானம் ஒரு சடங்கு, சடங்கினால் எப்படி இரட்சிப்பு என்று கேட்பவர்களுக்கும் இந்த ஒரே பதில் போதுமானது. நான்காம் கேள்வி இதை அன்றாட வாழ்வுக்குக் கொண்டுவருகிறது. ஒருநாள் பெற்ற ஞானஸ்நானம் அன்றோடு முடிந்துபோவதில்லை; மனந்திரும்புதலினால் பழைய மனிதன் நாள்தோறும் சாகவும் புதிய மனிதன் நாள்தோறும் எழும்பவும் வேண்டும்.

1707 ஆகஸ்டு 14 அன்று முதல் எருசலேம் ஆலயம் பிரதிஷ்டையாயிற்று. பின்னும் பலர் இதே கேள்வி பதில் ஒழுங்கின்படி சேர்க்கப்பட்டார்கள். 1709-இல் கணபதி வாத்தியார் என்ற இளம் புலவர் ஞானஸ்நானம் பெற்றபோது, கற்றவர் ஒருவர் இப்படிச் சேர்ந்தது ஊரில் பெரும் பேச்சாயிற்று.

தரங்கம்பாடியில் ஞானஸ்நானம் எப்போதும் ஆலயத்துக்குள் மட்டும் முடிந்த விஷயமாக இருக்கவில்லை. 1708 நவம்பரில் டேனியப் போர்வீரர் ஒருவருக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தையை எந்தச் சபையில் ஞானஸ்நானம் கொடுத்து வளர்ப்பது, கத்தோலிக்கத்திலா லுத்தரன் சபையிலா என்ற தகராறு எழுந்தது. அதில் புளூட்சோ கைதாகி டேனிய நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டுப் பிறகு விடுவிக்கப்பட்டார். ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து, நாவிதர் குடும்பத்து ஏழை விதவை ஒருத்தியின் கடன் வழக்கில் அவளுக்காகப் பேசிய சீகன்பால்கை ஆளுநர் ஹாசியஸ் சிறையில் அடைத்தார். நான்கு மாதச் சிறை. இரண்டாவது நிகழ்ச்சியை நாம் அடிக்கடி நினைவுகூர்கிறோம், முதலாவதை மறந்துவிடுகிறோம். அந்தக் குழந்தையின் பெயர் வரலாற்றில் இல்லை. ஆனாலும் ஒரு குழந்தையின் ஞானஸ்நானம் அதன் ஆத்துமாவுக்கும், வளரப்போகும் விசுவாசத்துக்கும் அத்தனை முக்கியம் என்று நினைத்துத்தான் நம் முதல் மிஷனரி ஒருவர் நீதிமன்றப் படி ஏறினார்.

அத்தனை முக்கியம் என்றால், ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவர் கெட்டுப்போகிறாரா? பிள்ளையைப் பிரசவத்திலேயே பறிகொடுத்த தாய்மார் எல்லாத் தலைமுறையிலும் கேட்ட கேள்வி இது. மாற்கு சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் இயேசு விசுவாசத்தையும் ஞானஸ்நானத்தையும் சேர்த்துச் சொல்லி இரட்சிப்பை வாக்களிக்கிறார். ஆக்கினையைச் சொல்லும் பாதியில் விசுவாசியாமையை மட்டுமே குறிப்பிடுகிறார், ஞானஸ்நானமின்மையைச் சொல்லவில்லை. சிலுவையில் தொங்கிய கள்ளனுக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை, பரதீசு கிடைத்தது. கொர்நேலியு வீட்டில் ஆவியானவர் முதலில் வந்தார், தண்ணீர் பிறகு வந்தது. பிலிப்பி பட்டணத்துச் சிறைக்காவலன் வீட்டிலோ அந்த இராத்திரியிலேயே வீட்டார் அனைவரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். இவற்றையெல்லாம் எடைபோட்டுத்தான் அகுஸ்தீன் காலம்முதல் மேற்றிசைத் திருச்சபை, ஞானஸ்நானம் கிடைக்காமற்போவது வேறு, அதை அவமதிப்பது வேறு என்று பிரித்துப் பேசியது. லுத்தரும் அதே வழியில் போதித்தார். கடவுள் தம் கிருபையைத் தண்ணீரோடு கட்டியிருக்கிறார். தம்மைத் தாமே தண்ணீருக்குள் அடைத்துக்கொள்ளவில்லை. பெறாமல் இறந்த பிள்ளையைச் சபை அவருடைய இரக்கத்தில் ஒப்படைத்தது. அதோடு, உயிர் போகும் நிலையில் உள்ள குழந்தைக்குக் குருவானவர் வரும்வரை காத்திராமல் எந்தக் கிறிஸ்தவரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்ற பழைய ஒழுங்கையும் விடவில்லை. அவசரம் வந்தபோது தாதியின் கையும் குருவின் கையும் ஒன்றே. ஞானஸ்நானம் குருவானவரின் தகுதியால் நடப்பதல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி ஏது?

வளர்ந்தவர்களுக்கு ஆயத்த காலம் நீண்டதும் இதே போதனையிலிருந்துதான். பிள்ளையிடம் விசுவாசத்துக்குத் தடையில்லை, தாமதமும் தேவையில்லை. வளர்ந்தவன் வார்த்தையைக் கேட்க முடியும், ஆகவே கேட்க வேண்டும். அந்தக் கேட்டலுக்குத் துணையாக 1712-இல் அச்சு இயந்திரமும் மறு ஆண்டு ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்தன. அஞ்ஞானத்தை விட்டு இரட்சிப்படையும் வழியைச் சொல்லும் அக்கியானம் என்ற சிறு நூல் 1713-இல் இங்கே அச்சாயிற்று. சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714-இலும், புதிய ஏற்பாடு முழுவதும் 1715-இலும் வெளிவந்தன.

இதே ஆண்டுகளில், 1712 முதல் 1714 வரை, தமிழறிஞர்கள் எழுதிய கடிதங்களை மிஷனரிகள் திரட்டி ஹாலேக்கு அனுப்பினார்கள். ஐரோப்பியக் கிறிஸ்தவர்களின் குடியையும் ஒழுக்கக்கேட்டையும் கண்டு மனம் வெதும்பிய எழுத்து அவற்றில் உண்டு. ஞானஸ்நானம் பெற்றவர்கள் வாழும் வாழ்வு இதுதானா என்ற அந்தக் கேள்வியை மறைக்காமல் மிஷனரிகள் அப்படியே அனுப்பிவைத்ததை நான் மதிக்கிறேன்.

முதல் ஆலயம் பெருகிய சபைக்குப் போதாமல் போகவே, ராஜ வீதியில் 1717 பிப்ரவரி 9 அன்று இந்த ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1718 அக்டோபர் 11 அன்று சிலுவை வடிவில் எழுந்த புது எருசலேம் பிரதிஷ்டையாயிற்று. அதே 1718-இல் கடலூரைச் சேர்ந்த இளைஞர் ஆரோன் சீகன்பால்கின் கையால் ஞானஸ்நானம் பெற்றார். சில மாதங்களில், 1719 பிப்ரவரி 23 அன்று, சீகன்பால்கு தமது 36-ஆம் வயதில் மரித்து, பலிபீடத்தின் முன் அடக்கம் செய்யப்பட்டார். கோபன்ஹேகனில் மிஷன் குழுமத்தின் செயலராக இருந்த கிறிஸ்டென் வெண்ட், மிஷனரிகள் கட்டடங்களிலும் நிறுவனங்களிலும் ஈடுபடாமல் வசனத்தை மட்டும் சொல்லித் திரிய வேண்டும் என்ற எண்ணத்தோடு எழுதிய கடிந்துரை சீகன்பால்கின் கடைசி நாள்களைக் கசப்பாக்கியது. ஞானஸ்நானம் பெற்றவனுக்கு ஒரு சபை வேண்டும், சபைக்குக் கூடும் இடம் வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்று சீகன்பால்கு கண்டது சரி என்பதற்கு நாம் இன்றும் கூடுகிற இந்த ஆலயமே சாட்சி.

ஆரோன் 1733 டிசம்பர் 28 அன்று குருத்துவ அபிஷேகம் பெற்றார். புராட்டஸ்டண்டுத் திருச்சபைகளின் வரலாற்றில் முதல் இந்தியக் குரு. பதினைந்தே ஆண்டுகளில், ஞானஸ்நானம் பெற்ற கை ஞானஸ்நானம் கொடுக்கும் கையாயிற்று.

ஆனால் இந்த இடத்தில் ராசநாயக்கனைப் பற்றிச் சொல்லாமல் மேலே போனால் இது வரலாறாகாது. தஞ்சைப் படையில் இருந்தவர், பிறப்பால் கத்தோலிக்கர், பறையர் குலத்தவர். தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷம் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது, படித்தார், 1720-களின் பிற்பகுதியில் நம் சபையில் சேர்ந்தார். உபதேசியாராக அடியும் மிரட்டலும் தாங்கி உழைத்தார். அவரைக் குருவாக்கும் யோசனை வந்தபோது, உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் அவர் கையிலிருந்து திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்ற அச்சம் குறுக்கே நின்றது. 1741-இல் இரண்டாம் குருவாக டியோகு அபிஷேகம் பெற்றார். ராசநாயக்கன் உபதேசியாராகவே இருந்தார். ஆலயத்துக்குள்ளும் இருக்கைகள் சாதிவாரியாகப் பிரிந்தே இருந்தன.

கிறிஸ்துவுக்குள் ஞானஸ்நானம் பெற்றவர்கள் கிறிஸ்துவைத் தரித்துக்கொண்டார்கள், அவர்களுக்குள் யூதன் கிரேக்கன், அடிமை சுயாதீனன் என்ற பிரிவில்லை என்று கலாத்தியருக்குப் பவுல் எழுதினார். அடிமைகளின் ஞானஸ்நானத்தில் பிறந்த சபைக்கு இந்த வசனம் மற்றெல்லாரையும்விட நெருங்கியதாக இருந்திருக்க வேண்டும். பயன் என்ன என்ற ஞானோபதேசக் கேள்விக்கு மனப்பாடமாகப் பதில் சொன்ன வாய், பக்கத்தில் உட்காருவதற்கு இடம் மறுத்தது. 1833-இல் ஆங்கிலிக்கப் பேராயர் தானியேல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விடுத்தபோது தஞ்சையில் எழுந்த எதிர்ப்பில் வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெருங்கவிஞரும் நின்றார். அதில் மனம் கசந்த குடும்பங்கள் பல பின்னாளில் லுத்தரன் சபைகளுக்கு வந்தன. நாம் அவர்களைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டோம். தண்ணீருக்கு முன் அத்தனை கேள்வி கேட்டுப் பழகிய மிஷன், அந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தவறியது. அதன் கடன் இன்னும் தீர்ந்துவிடவில்லை என்றே நம்புகிறேன்.

விசுவாசத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே எத்தனை காலம் செல்லக்கூடும் என்பதற்குத் தரங்கம்பாடி மிஷனின் வழியில் வந்த இன்னொரு வாழ்க்கை உண்டு. 1750-இல் இங்கே வந்து, திருச்சியிலும் தஞ்சையிலும் ஊழியம் செய்த சுவார்ட்சிடம், தஞ்சையில் ஒரு பிராமணக் கைம்பெண் ஞானஸ்நானம் கேட்டார். அவர் லிட்டில்டன் என்ற ஆங்கில அதிகாரியோடு திருமணமின்றி வாழ்ந்துவந்தார். அந்த நிலையில் கொடுக்க இயலாது என்று சுவார்ட்சு மறுத்துவிட்டார். அந்தக் கைம்பெண் பாளையங்கோட்டைக்குப் போனார், அதிகாரி இறந்தார். சபை தம்மை ஏற்காத அந்த ஆண்டுகளிலும் அப்பெண் விலகிப் போகவில்லை. தம்மைச் சூழ இருந்தவர்களுக்குக் கிறிஸ்துவைச் சொல்லிவந்தார். 1778-இல் சுவார்ட்சு பாளையங்கோட்டைக்கு வந்து குளோரிந்தா என்ற பெயரில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்.

சுவார்ட்சு செய்தது சரிதானா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கிருபை இலவசம் என்றால் நிபந்தனை ஏன்? மனந்திரும்புதலும் விசுவாசமும் பிரியாதவை, ஒன்றை ஒத்திவைத்து மற்றதைக் கொண்டாட முடியாது என்பது அவருடைய தீர்ப்பு. குருவாக அவர் அப்படித்தான் நடக்க முடியும் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பெரியவர் குளோரிந்தாதான். மறுக்கப்பட்டும் காத்திருந்த அந்த விசுவாசம், ஞானஸ்நானம் எத்தனை அருமையானது என்பதைக் கொடுக்கும் உரிமை பெற்றவரைவிட நன்றாக அறிந்திருந்தது. 1780-இல் பாளையங்கோட்டைச் சபைப் பதிவில் 40 பேர் இருந்தார்கள். 1785-இல் அவர் முயற்சியால் எழுந்த ஆலயத்தை இன்றும் அவர் பெயரால் அழைக்கிறார்கள். 1790-இல் அபிஷேகம் பெற்ற சத்தியநாதன் அங்கே அனுப்பப்பட்டார். திருநெல்வேலித் திருச்சபையின் வரலாறு இவர்களிடமிருந்து தொடங்குகிறது.

1845-இல் டேனியர் தரங்கம்பாடியை ஆங்கிலேயரிடம் விற்றார்கள். அதற்குச் சற்று முன்பே லைப்சிக் மிஷனார் வந்து ஊழியத்தை ஏற்றிருந்தார்கள். 1919 ஜனவரி 14 அன்று தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவாயிற்று.

சீகன்பால்கு காலத்திலும் அதன்பின்னும் நமக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே இருந்த பகை சிறியதல்ல. வீரமாமுனிவர் லுத்தரன் போதனையை மறுத்து வேதவிளக்கம் போன்ற நூல்களை எழுதினார், நம்மவரும் சளைக்கவில்லை. அந்த விவாதத்தின் நடுவில் நின்றது விசுவாசமும் கிரியையும் பற்றிய கேள்வி. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில், நம் திருச்சபையும் அங்கம் வகிக்கும் உலக லுத்தரன் சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் நன்மையினால் அல்லாமல், கிருபையினால், கிறிஸ்துவின் மேலுள்ள விசுவாசத்தினாலேயே கடவுள் நம்மை ஏற்கிறார் என்று இருவரும் சேர்ந்து அறிக்கையிட்டார்கள். தரங்கம்பாடியார் இதை இன்னும் பெரிதாகக் கொண்டாடியிருக்கலாம்.

இன்றைய சச்சரவு வேறு திசையிலிருந்து வருகிறது. குழந்தைப் பருவத்தில் இந்த ஆலயம் போன்ற ஆலயங்களில் ஞானஸ்நானம் பெற்ற நம் இளைஞர்கள், விசுவாசித்த பிறகு எடுப்பதே ஞானஸ்நானம் என்று போதிக்கும் சபைகளில் மறுபடி முழுக்கு எடுக்கிறார்கள். அவர்களுடைய விசுவாசத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். பலரிடம் காணும் தாகம் நம் ஆலய இருக்கைகளில் அரிதாகிவிட்டது. ஆனால் முதல் ஞானஸ்நானம் வெறுமையாயிற்று என்பதை ஏற்க முடியாது. அது கடவுள் கொடுத்தது. விசுவாசம் இருபது ஆண்டு தாமதித்து வந்தாலும் அவர் கொடுத்தது அங்கேதான் காத்திருக்கிறது. உலகத் திருச்சபைகள் மன்றத்தின் விசுவாச ஒழுங்கு ஆணையம் 1982-இல் லீமா நகரில் நிறைவேற்றிய அறிக்கையும் ஞானஸ்நானத்தைக் கடவுளின் ஈவாகவும் அதற்கு மனிதன் தரும் மறுமொழியாகவும் ஒருங்கே காண்கிறது. மறுஞானஸ்நானமாகத் தோன்றும் எதையும் தவிர்க்கச் சொல்கிறது.

பிழை நம் பக்கமும் இருக்கிறது. குழந்தை ஞானஸ்நானம் நிற்பதே அதன்பின் வரும் உபதேசத்தை நம்பித்தான். பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பிள்ளைக்காக விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லி, அதைக் கற்றுக்கொடுப்போம் என்று வாக்களிக்கிறார்கள். திடப்படுத்தல் நாளில் பிள்ளை அதைத் தன் வாயால் சொல்ல வேண்டும். இடைப்பட்ட ஆண்டுகளில் நாம் என்ன செய்தோம்? திடப்படுத்தலுக்குச் சில வாரம் முன்பு ஞானோபதேசத்தை அவசரமாக மனப்பாடம் செய்விப்பது உபதேசமாகாது. ஞானப்பெற்றோர் என்பது விருந்துக்கு அழைக்கும் மரியாதையாகச் சுருங்கிப்போனது. ஞானப்பெற்றோராக நிற்க ஒப்புக்கொள்கிறவர், அந்தப் பிள்ளையின் உபதேச வகுப்பில் ஆண்டுக்குச் சில நாளாவது தாமும் வந்து உட்கார வேண்டும் என்று சபைச் சங்கம் இவ்வாண்டே ஒரு விதி செய்யலாம். ஹாலேயிலிருந்து வந்தவர்கள் வைத்துப்போன ஒழுங்குக்கு அது முற்றிலும் பொருந்தும்.